“டிசி வாங்கிக்கோங்கன்னு சொல்லிட்டுப் போய்ட்டாங்க, எங்க ஊர் பள்ளிக்கூடத்த காப்பாத்த முடியுமா வக்கீலம்மா?”

ஜூலை முதல் வாரத்துல வந்த லெட்டர் இது. நோட்டு பேப்பர்ல ரெண்டு பக்கமும் அடிச்சு அடிச்சு எழுதி ஆறு பக்கம். ஊர் பேரு, ஆள் பேரு, ஒன்றியம் எல்லாத்தையும் எடுத்துட்டு விஷயத்த மட்டும் சொல்றேன்.

எழுதினவங்க தென் மாவட்டத்துல ஒரு குக்கிராமத்து அம்மா, மூத்த பொண்ணு மூணாவது படிக்குது, இவங்கதான் அந்த ஊராட்சி ஒன்றிய தொடக்கப் பள்ளியோட மேலாண்மைக் குழு தலைவி. ஊர்ல ஒண்ணுலருந்து அஞ்சு வரைக்கும் படிக்கிற புள்ளைங்க மொத்தம் 22, அதுல 11 பேர் தனியார் ஸ்கூல் வேன்ல ஏறிப் போய்டுறாங்க, மீதி 11 பேர்தான் இந்தப் பள்ளியில. தலைமை ஆசிரியை மே மாசக் கடைசியில ரிட்டயர்டு, அந்த இடத்துக்கு யாரும் வரல. இருக்கற ஒரு டீச்சரையும் வாரத்துல 2 நாள் மாற்றுப்பணின்னு வேற ஸ்கூலுக்கு அனுப்பிடுறாங்க, அந்த 2 நாளும் சத்துணவு அக்காதான் அடுப்படியில ஒரு கண்ணு, வகுப்புல ஒரு கண்ணுன்னு புள்ளைங்கள பாத்துக்கறாங்க. ஜூன் கடைசியில வட்டாரக் கல்வி ஆபீஸ்லருந்து ரெண்டு பேர் வந்து “20 புள்ளைக்கு கீழ இருந்தா சட்டப்படி மூடித்தான் ஆகணும், பக்கத்து ஊர் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள்ளதான் இருக்கு, டிசி வாங்கிக்கோங்க”ன்னு வாயால சொல்லிட்டு போயிருக்காங்க. 4 குடும்பம் பயந்து வாங்கிடுச்சு. மிச்சம் 7.

இவங்க கேக்கறது: கேட்டுல பூட்டு போட்டு மறியல் பண்ணலாமா, ரேஷன் கார்டை திருப்பிக் குடுக்கலாமா, மீதி 7 புள்ளைங்களையும் நிறுத்தி எதிர்ப்பு காட்டலாமா, மேலாண்மைக் குழு நோட்டுல எழுதாத பக்கத்துல கையெழுத்து வாங்கிட்டு போயிருக்காங்களே அதனால பள்ளி போய்டுமா, தாத்தா எழுதிக் குடுத்த இடத்த திருப்பிக் கேக்கலாமா, கோர்ட்டுக்குப் போனா ஜெயிப்போமா.

தங்கச்சி, மூணாவது கேள்விக்குத்தான் முதல்ல பதில். புள்ளைங்கள நிறுத்தாதீங்க. ஒரு நாள் கூட வேண்டாம். ஏன்னா நீங்க நினைக்கிற மாதிரி மேலிடத்துலருந்து “இந்தப் பள்ளியை மூடுகிறோம்”னு சீல் வச்ச உத்தரவு ஒண்ணு வந்து, அதுக்கப்புறம் பள்ளி மூடறது ரொம்ப அபூர்வம். நடக்கறது வேற. டீச்சர் குறையும், டிசி ஒண்ணொண்ணா போகும், எமிஸ்ல (கல்வித் துறையோட கம்ப்யூட்டர் பதிவு) எண்ணிக்கை 7, 4, 1னு எறங்கும், ஒரு நாள் பூஜ்யம் ஆகும். அப்புறம் “மாணவர் இல்லாததால் தற்காலிகமாக”ங்கிற ஒரு வரியில முடிஞ்சிடும். 2019-ல நம்ம மாநிலத்துல இப்படி ஆள் சேராத பள்ளிகளோட கட்டடத்த நூலகமா மாத்தினாங்க, 2025-லயும் 200-க்கு மேல பள்ளிகள்ல ஒரு புள்ளை கூட சேரலன்னு செய்தி வந்து பெரிய விவாதமாச்சு. அரசு தரப்புல சொல்ற பதில் ஒண்ணுதான், நாங்க மூடல, புள்ளைங்க வரல. நீங்க எதிர்ப்புன்னு 7 பேரை நிறுத்தினா அந்தப் பதிலை நீங்களே எழுதிக் குடுத்த மாதிரி. எமிஸ்ல அது எதிர்ப்புன்னு பதிவாகாது, ஆப்சென்ட்னுதான் விழும்.

இதுல தேதி ஒண்ணு இருக்கு, யாரும் உங்ககிட்ட சொல்லியிருக்க மாட்டாங்க. ஆகஸ்ட் 1. அன்னிக்கு இருக்கற எண்ணிக்கைய வச்சுத்தான் எந்தப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர்னு பணியிட நிர்ணயம் பண்ணுவாங்க, உபரின்னு வந்தா பணிநிரவல்னு வேற பள்ளிக்கு தூக்கிடுவாங்க. உங்களுக்கு கையில மூணு வாரம்தான். ஆகஸ்ட் 15 கிராம சபையில பேசிக்கலாம்னு எழுதியிருக்கீங்க, பேசுங்க, தீர்மானம் போடுங்க (ஊராட்சித் தலைவர் இல்லாம தனி அலுவலர் இருந்தாலும் கிராம சபை நடந்தாகணும்), ஆனா அதுக்குள்ள ஆகஸ்ட் 1 தாண்டியிருக்கும்.

20 புள்ளைங்கற கணக்கு

கல்வி உரிமைச் சட்டம் 2009-ல போட்டு 2010 ஏப்ரல் 1-லருந்து அமல்ல இருக்கு. அதுல இத்தனை புள்ளைக்கு கீழ போனா பள்ளியை மூடணும்னு ஒரு பிரிவு கூட கிடையாது. 20-உம் இல்ல, 10-உம் இல்ல. நிர்வாகத்துக்காக அப்பப்ப ஒரு எண்ணை வச்சுக்கறாங்க, அது சட்டம் இல்ல. சட்டத்துல இருக்கறது நேர் எதிர். அட்டவணையில பாத்தீங்கன்னா 60 புள்ளை வரைக்கும் 2 ஆசிரியர்னு போட்டிருக்கு. 7 பேர் இருந்தாலும் 2 டீச்சர்தான். அதனால உங்க மனுவுல முதல் கோரிக்கை “மூடாதீங்க”ன்னு இருக்கக் கூடாது, “எங்களுக்கு சட்டப்படி வர வேண்டிய ரெண்டாவது ஆசிரியர் எங்க, இருக்கறவங்களோட மாற்றுப்பணிய ரத்து பண்ணுங்க”ன்னு இருக்கணும். மூடாதீங்கன்னு கேட்டா கெஞ்சற மாதிரி இருக்கும், டீச்சர் எங்கன்னு கேட்டா அவங்க பதில் சொல்லியாகணும்.

டிசி விஷயமும் இதே மாதிரிதான் தலைகீழா புரிஞ்சு வச்சிருக்கீங்க. இந்தச் சட்டத்துல பிரிவு 5-ல வேற பள்ளிக்கு மாறிக்கற உரிமை இருக்கு, ஆனா அது புள்ளையோட உரிமை. பெத்தவங்க கேட்டா குடுக்கணும், கேக்காதவங்கள வாங்கிக்கோன்னு சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்ல. வாங்கின 4 குடும்பமும் திரும்பி வரலாம், வருஷத்துல எந்த மாசம் வந்தாலும் சேர்க்க மாட்டேன்னு சொல்ல முடியாது, பிரிவு 15. அந்த 4 வீட்டுக்கும் இன்னிக்கு சாயங்காலமே போங்க. சண்டை போடாதீங்க, ஏற்கனவே பயந்து போய் இருக்காங்க.

ஒரு கிலோமீட்டர்ங்கறது யாரு அளந்தது

உங்க லெட்டர்லயே முக்கியமான இடம் இதுதான், நீங்க அதை ரெண்டு வரியில தாண்டிட்டீங்க. “மேப்புல 950 மீட்டர் காட்டுதாம், ஓடைக்கு குறுக்க போனா அப்படித்தான், ஐப்பசி கார்த்திகையில ஓடையில தண்ணி இடுப்பளவு போகும், ரோடு வழியா சுத்தினா ரெண்டேகால் கிலோமீட்டர், நடுவுல மெயின் ரோட்டை கடக்கணும்.”

இதுதான் உங்க கேஸ். ஒண்ணுலருந்து அஞ்சு வரைக்கும் 1 கிலோமீட்டர், ஆறுலருந்து எட்டு வரைக்கும் 3 கிலோமீட்டர்ங்கறது விதி, ஆனா அது நடந்து போற தூரம், காக்கா பறக்கற தூரம் இல்ல. வெள்ளம், ரோடு இல்லாதது, சின்னப் புள்ளைங்களுக்கு வழியில ஆபத்து இப்படி இருக்கற இடத்துல அந்த தூரத்தையே இன்னும் குறைக்கணும்னு மத்திய அரசோட மாதிரி விதியில தெளிவா இருக்கு.

அதனால வாய்ச் சண்டைய விட்டுட்டு அளங்க. கடைசி வீட்டு வாசல்லருந்து அந்தப் பள்ளி கேட் வரைக்கும் ஒரு பைக்கை ஓட்டி மீட்டர்ல பாருங்க, ஆரம்பத்துலயும் முடிவுலயும் மீட்டரை போட்டோ எடுங்க. அப்புறம் ஒரு ரெண்டாவது படிக்கிற புள்ளைய பையோட நடக்க விட்டு கூடவே நடங்க, எத்தனை நிமிஷம்னு எழுதுங்க, எங்க நின்னுச்சு, எங்க லாரி வந்துச்சுன்னு எழுதுங்க. ஓடை நிரம்பின போட்டோ போன மழையில யார் போன்லயாவது கண்டிப்பா இருக்கும், ஸ்டேட்டஸ் போடாத ஊரா, தேடுங்க. இதையெல்லாம் கையால ஒரு பேப்பர்ல வரைபடமா போட்டு பெத்தவங்க எல்லாரும் கையெழுத்து வைங்க. ஒருவேளை அளந்து பாத்து நிஜமாவே 900 மீட்டர்தான், ஆபத்தும் இல்லன்னு வந்தா என்கிட்ட மறைக்காம சொல்லுங்க, அப்ப சட்டப்படி உங்க பக்கம் ரொம்ப வீக், நான் வேற மாதிரிதான் ஆலோசனை சொல்லுவேன். பக்கத்துல பள்ளி இருக்கணும்ங்கறதுதான் புள்ளையோட உரிமை, அது இதே கட்டடமாத்தான் இருக்கணும்ங்கறது சட்டத்துல இல்ல.

வேனோ ஆட்டோவோ தர்றோம்னு சொல்லுவாங்க. பள்ளியே இல்லாத குக்கிராமங்களுக்கு போக்குவரத்து வசதி பண்றது விதியில இருக்கறதுதான். வேண்டாம்னு உடனே தள்ளாதீங்க, எழுத்துல கேளுங்க, யார் ஓட்டுவா, கூட யார் வருவா, எத்தனை வருஷத்துக்குன்னு.

எழுதாத பக்கத்துல போட்ட கையெழுத்து

இத படிக்கும்போதுதான் எனக்கு கோவம் வந்துச்சு, உங்க மேலயும் கொஞ்சம். ஆனாலும் பதற வேண்டாம். பிரிவு 21-படி பள்ளி மேலாண்மைக் குழுவோட வேலை பள்ளி நடக்கறத கண்காணிக்கறது, மேம்பாட்டுத் திட்டம் போடறது, பணம் எப்படி செலவாகுதுன்னு பாக்கறது. பள்ளியை மூட சம்மதம் குடுக்கற அதிகாரமே குழுவுக்கு கிடையாது, அப்ப உங்க கையெழுத்தால மட்டும் எதுவும் மூடாது. ஆனா நாளைக்கு கோர்ட்டுல “குழுவே ஏகமனதா தீர்மானம் போட்டிருக்கே”ன்னு அந்தப் பக்கத்த தூக்கிக் காட்டுவாங்க.

அதனால இன்னிக்கே ஒரு லெட்டர் எழுதுங்க. “இந்தத் தேதியில இத்தனை மணிக்கு இன்னார் வந்தாங்க, எதுவும் எழுதாத பக்கத்துல கையெழுத்து கேட்டாங்க, போட்டேன், பள்ளிய மூடவோ இணைக்கவோ எந்தத் தீர்மானமும் நாங்க போடல.” அவ்வளவுதான், திட்டு எதுவும் வேண்டாம். வட்டாரக் கல்வி அலுவலர், மாவட்டக் கல்வி அலுவலர் (தொடக்கக் கல்வி), கலெக்டர் மூணு பேருக்கும் போய்ச் சேந்ததுக்கு சான்று கேட்டு ஸ்பீட் போஸ்ட் (பழைய பதிவுத் தபால் 2025-ல இதோட சேர்ந்துடுச்சு). ரசீதை அரிசி டப்பாவுல போட்டு தொலைக்காதீங்க. அடுத்தது, தலைவிங்கற முறையில நீங்களே குழுக் கூட்டத்த கூட்டுங்க. குழுவுல முக்கால்வாசி பேர் பெத்தவங்களா இருக்கணும், மொத்தத்துல பாதி பேர் பெண்கள், அதனால உங்க ஊர் அம்மாக்கள் வந்தாலே கூட்டம் நடந்துரும். பள்ளி தொடரணும், ரெண்டாவது ஆசிரியர் வேணும், மாற்றுப்பணி கூடாதுன்னு தீர்மானம் எழுதி, எழுதி முடிச்சு படிச்சுக் காட்டினதுக்கு அப்புறம் கையெழுத்து போட்டு பக்கத்த போட்டோ எடுத்து வைங்க.

கூடவே ஒரு தகவல் அறியும் மனு. 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினா போதும், 30 நாள்ல பதில் தரணும். இணைப்பு உத்தரவு இருந்தா அதோட நகல், தூரம் அளந்த பதிவு, அனுமதிச்ச பணியிடம் எத்தனை, மாற்றுப்பணி ஆணையோட நகல், அந்தத் தீர்மான நோட்டுப் பக்கத்தோட நகல், இதை மட்டும் கேளுங்க. “ஏன் மூடறீங்க”ன்னு கேக்காதீங்க, ஏன்னு கேட்டா அது தகவல் இல்லன்னு தள்ளிடுவாங்க, நகல் குடுங்கன்னு கேட்டா தப்பிக்கறது கஷ்டம்.

பூட்டு, மறியல், ரேஷன் கார்டு

பூட்டு போட்டா உள்ள வர்ற டீச்சரையே நீங்க தடுத்த கணக்கு, அரசு ஊழியரை பணி செய்ய விடாம தடுத்ததுன்னு எஃப்ஐஆர் போட அது போதும். மறியல்ல கைதானா சாயங்காலம் மண்டபத்துலருந்து விட்டுடுவாங்கன்னு எழுதியிருக்கீங்க, விடுவாங்க, ஆனா கேஸ் நம்பர் நிக்கும், உங்க ஊர்ல போலீஸ் வேலைக்கு எழுதிட்டு இருக்கற 2 பசங்களுக்கு வெரிஃபிகேஷன்ல அது வந்து நிக்கும். புள்ளைங்கள ரோட்டுல உக்கார வைக்கற யோசனை எனக்கு சுத்தமா பிடிக்கல. ரேஷன் கார்டை திருப்பிக் குடுக்கறது பேப்பர்ல போட்டோ வரும், ஒரு நாள்.

கேரளாவுல கோழிக்கோடு மலாப்பரம்புல என்ன நடந்துச்சுன்னு தெரியுமா? நூறு வருஷத்துக்கு மேல பழைய, அரசு உதவி பெறற பள்ளி, 2014-ல நிர்வாகத் தரப்பு ராத்திரியோட ராத்திரியா கட்டடத்த இடிச்சுட்டாங்க. ஊர்க்காரங்க பாதுகாப்புக் குழு போட்டு திரும்பக் கட்டி அதே இடத்துல வகுப்பை நடத்த வச்சாங்க. 2016-ல கோர்ட்டு உத்தரவுப்படி மூட வேண்டி வந்தப்பவும் வகுப்பு நிக்கல, கலெக்டர் ஆபீஸ் வளாகத்துக்கே புள்ளைங்கள மாத்தி பாடம் நடத்தினாங்க, கடைசியில அரசே பள்ளிய எடுத்துக்கிச்சு. இதுல நான் பாக்கறது என்னன்னா, அத்தனை களேபரத்துலயும் பள்ளி நடந்துக்கிட்டே இருந்துச்சு.

நீங்களும் போராடுங்க, ஆனா திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு பெரியவங்க போங்க, புள்ளைங்க வகுப்புல இருக்கட்டும். மனு குடுத்தா நம்பர் போட்டு ரசீது தருவாங்க, வாங்காம வராதீங்க. முதல்வர் உதவி மைய எண் 1100-க்கும் போன் போட்டு பதிவு பண்ணுங்க. கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 32-படி உள்ளாட்சி அமைப்புக்கு எழுத்துல புகார் குடுத்தா 3 மாசத்துல முடிவு சொல்லணும், திருப்தி இல்லன்னா மாநில குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு போலாம்.

கோர்ட்டு

ஜெயிப்போமான்னு கேட்டா சத்தியம் பண்ண மாட்டேன். பள்ளி இணைப்பை கோர்ட்டுகள் பெரும்பாலும் அரசோட கொள்கை முடிவுன்னு பாக்கும். உத்தரப் பிரதேசத்துல 2025 ஜூன் 16-ம் தேதி, புள்ளைங்க குறைவா இருக்கற பள்ளிகள பக்கத்துப் பள்ளியோட ஜோடி சேக்கறோம்னு உத்தரவு போட்டாங்க. சீதாபூர் மாவட்டத்து புள்ளைங்க பேர்லயே அலகாபாத் ஹைகோர்ட்டுல வழக்கு போட்டாங்க, தனி நீதிபதி ஜூலை 7-ம் தேதி தள்ளுபடி பண்ணிட்டார். மேல்முறையீட்டுல ரெண்டு நீதிபதி அமர்வு, அரசு குடுத்த ஆவணங்கள்லயே முரண்பாடு இருக்குன்னு பாத்து ஜூலை 24-ம் தேதி அந்த மாவட்டத்துல இருக்கற நிலையே தொடரட்டும்னு நிறுத்தி வச்சாங்க. அப்புறம் அரசே எறங்கி வந்து 1 கிலோமீட்டருக்கு மேல இருந்தா, 50 புள்ளைக்கு மேல இருந்தா சேக்க மாட்டோம்னு சொல்லிடுச்சு. பாத்தீங்களா, அங்கயும் கடைசியில வேலை செஞ்சது அவங்க பேப்பர்ல இருந்த ஓட்டையும், அந்த ஒரு கிலோமீட்டரும்தான். காமராசர் தொறந்த பள்ளின்னு 4 தடவை எழுதியிருக்கீங்க, எனக்கும் படிக்கும்போது தொண்டை அடைச்சுது, அத கிராம சபையில சொல்லுங்க, ரிட் மனுவுல நான் எழுத மாட்டேன்.

ஹைகோர்ட்டு மதுரை கிளையில ரிட் மனு போட பணம் வேணுமேன்னு கவலைப்படாதீங்க. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி பழங்குடியினர் இவங்களுக்கு வருமானம் பாக்காம இலவச சட்ட உதவி உண்டு, தாலுகா கோர்ட்டு வளாகத்துல இருக்கற வட்ட சட்டப் பணிகள் குழு ஆபீஸ்ல கேளுங்க, இல்லன்னா சட்ட உதவி போன் நம்பர் 15100. ஆனா போகும்போது தூரம் அளந்த பேப்பர், தபால் ரசீது, தீர்மானம், புள்ளைங்க பட்டியல் இதெல்லாம் கையில இருக்கணும்.

இன்னொண்ணு, கோச்சுக்காதீங்க. போராட்டக் குழுவுல முன்னாடி நிக்கற 5 பேர்ல 2 பேர் வீட்டுப் புள்ளைங்க காலையில ஏழேகால் வேன்ல போகுதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அந்த வேன்லதான் இருக்கு உங்க பள்ளி. அவங்கள குத்தம் சொல்லல, ஒரே டீச்சர் அஞ்சு வகுப்பையும் பாத்தா எந்த அப்பனுக்கும் பயம் வரும், நானே அந்த ஊர்ல இருந்தா யோசிப்பேன். ஆனா 11-ல ஒரு 5 பேர் திரும்பினாலே கதை மாறும். பேசும்போது இங்கிலீஷ் மீடியம் மட்டமான்னு ஆரம்பிக்காதீங்க. வேனுக்காக புள்ளை சாப்பிடாம ஓடறத, இங்க காலையில சூடா உப்புமாவோ பொங்கலோ கிடைக்கறத, ஃபீஸ் மிச்சமாகறத பேசுங்க, “ரெண்டாவது டீச்சர் வந்தா சேக்கறேன்”னு ஒரு வரி எழுதி கையெழுத்து வாங்குங்க. அந்தப் பேப்பர் உங்க மனுவுக்கே பலம். அங்கன்வாடி அக்காகிட்ட பதிவேடு இருக்கும், ஜூலை 31-க்குள்ள 5 வயசு முடியற புள்ளைங்க யார் யாருன்னு பாத்து ஒண்ணாவதுல சேருங்க, பிறப்புச் சான்று இல்லன்னாலும் சேர்க்க மறுக்கக் கூடாது, பிரிவு 14.

தாத்தா குடுத்த இடம்: வாய் வார்த்தையா குடுத்தாரா, பதிவு பண்ணின தானப் பத்திரமான்னு முதல்ல பாக்கணும். பத்திரம் போட்டு ஒன்றியம் ஏத்துக்கிட்டிருந்தா, பள்ளி நடக்கலன்னா இடம் திரும்பணும்னு அதுலயே நிபந்தனை எழுதியிருந்தால் ஒழிய பொதுவா திருப்பிக் கேக்க முடியாது. சார் பதிவாளர் ஆபீஸ்ல சர்வே நம்பர் குடுத்து நகல் மனு போடுங்க. கிடைச்சதும் எனக்கு ஒரு ஜெராக்ஸ் அனுப்புங்க, பாத்துட்டு சொல்றேன். அதுவரைக்கும் “இடம் எங்களோடது”ன்னு எந்த அதிகாரிகிட்டயும் வாய விடாதீங்க, ஒரிஜினலைக் கொண்டாங்கன்னு கேட்டுட்டா உங்ககிட்ட இப்ப பதில் இல்ல.